தோல் தூய்மையுற்றது, நீர் என்னாயிற்று?

பிக்ஹு ஓதத் தொடங்கும் மாணவன் முதன்முதலில் சந்திப்பது தஹாரத் என்னும் தூய்மைப் படலம். நீரின் வகைகள் முடிந்து பாத்திரங்களின் சட்டங்கள் வருமிடத்தில் ‘திபாகத்’ என்னும் தோல் பதனிடுதல் பற்றிய சிறு பிரிவு ஒன்று உண்டு. முறைப்படி அறுக்கப்படாமல் செத்த பிராணியின் தோல் நஜீஸ் ஆகும். பதனிட்டபின் அது தூய்மையடையும் என்பது அதன் சாரம். குறைஷியர் சிலர் செத்த ஆடொன்றை இழுத்துச் செல்வதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாமே என்று வினவியதையும், நீரும் ‘கரழ்’ என்னும் காயும் அத்தோலைத் தூய்மைப்படுத்தும் என்று விளக்கியதையும் அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வழியாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன.

ஷாஃபிஈ மத்ஹபினர் தோலின் ஈரத்தையும் கசடையும் நீக்கவல்ல துவர்ப்பும் காரமும் உடைய பொருளால்தான் பதனிடவேண்டும் என்பர். கரழ், மாசிக்காய், மாதுளைத் தோல் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகத் தருவர். வெயிலில் காயவைப்பதும் மண்ணில் புரட்டுவதும் போதா என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் தெளிவுபடுத்துகிறது. ஹனஃபி மத்ஹபினரோ வெயிலும் மண்ணும்கூட நாற்றத்தையும் அழுகலையும் நீக்கினால் போதும் என்பர். வேறுபாடு எதுவாயினும், சட்டத்தின் கண் தோலின்மீதே நிற்கிறது. அத்தோலைக் கழுவி வெளியேறிய நீர் எங்கே சென்றது, யாருடைய கிணற்றில் கலந்தது என்னும் வினா அப்பிரிவில் எழவில்லை. அக்காலத்தில் அது எழவேண்டிய தேவையும் பெரிதாக இல்லை. ஆனால் இன்று, தோல் தொழிலோடு நூறாண்டுக்கும் மேலாக வாழ்வு பிணைந்த ஒரு சமுதாயத்தார் அவ்வினாவைத் தட்டிக் கழிக்க இயலாது.

கழிவுநீரில் கரைந்து ஓடும் உலோகத்தை உயிர்ப்பொருள்களைக் கொண்டே பிடித்து நிறுத்தி, மீண்டும் பயனுக்குக் கொணரும் முயற்சி ஒன்று விஞ்ஞான உலகில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. அதன் வரலாற்றையும், அது நம் தொழிலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கரழும் ஆவாரையும்

கரழ் என்பது கருவேல இனத்து மரத்தின் காய். அரபு நாட்டில் தோல் பதனிடுவோர் பெரிதும் நம்பியிருந்தது இதனையே. மக்காவை அடுத்த தாயிஃப் நகரம் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்ற ஊராக விளங்கிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியருள் ஒருவரான அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையாலேயே தோல் பதனிட்டுத் தைத்து, அவ்வருவாயை ஏழைகளுக்கு வாரி வழங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஆகலின் இத்தொழிலை இழிவாக நோக்குவதற்கு நம்மிடையே இடமில்லை.

நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில் கரழின் இடத்தை வகித்தது ஆவாரம் பட்டை. சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் மஞ்சட் பூவோடு நிற்கும் ஆவாரையின் பட்டையில் தோலை ஊறவைத்து, இறுதியில் கடுக்காய் நீரில் இட்டு எடுப்பர். ‘ஈ.ஐ. தோல்’ என்று இலண்டன் சந்தையில் பெயர்பெற்ற சரக்கு இதுவே. பட்டைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை கப்பலேறி வந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகள் வெறும் பொருளீட்டும் இடங்களாக மட்டும் இருந்ததில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியதற்கும், 1924இல் காக்கா முஹம்மது உமர் அவர்களால் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் நிறுவப்பட்டதற்கும், நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் கொடைகளுக்கும் பின்னால் நின்றது தோல் வணிகத்தின் பொருளே. நம்மவர் பலருடைய கல்வி, ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் விளைந்தது என்றால் அது மிகையன்று.

மசிக்கூட்டில் ஒரு பாடம்

துவர்ப்புப் பட்டைக்குத் தோலைப் பதனிடுவதன்றி வேறோர் ஆற்றலும் உண்டு. அதை அறிந்திருந்தவர்கள் நம் முன்னோரான எழுத்தர்கள். மாசிக்காயை அரபியர் ‘அஃப்ஸ்’ என்பர்; அன்னபேதி முதலான உலோக உப்புகளை ‘ஜாஜ்’ என்பர். அஃப்ஸை நீரில் காய்ச்சி வடித்து அதில் ஜாஜைச் சேர்த்தால் கறுத்த மசி பிறக்கும். ஆப்பிரிக்காவின் இஃப்ரீக்கிய்யா நாட்டை ஆண்ட அல்முஇஸ் இப்னு பாதீஸ் (கி.பி. 11ஆம் நூற்றாண்டு) பெயரால் வழங்கும் ‘உம்தத்துல் குத்தாப்’ என்னும் நூலில் இத்தகைய மசிக்கூட்டு முறைகள் பல காணப்படுகின்றன. தமிழகத்திலும் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி மை செய்தனர்.

இம்மசி எங்ஙனம் கறுக்கிறது? காயின் துவர்ப்பொருள், அன்னபேதியிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்கிறது. அப்பிடி எளிதில் விடுவதில்லை. ஆகவேதான் பல நூற்றாண்டுகள் கடந்தும் ஏடுகளில் எழுத்து அழியாமல் நிற்கிறது. உயிர்ப்பொருள் ஒன்று நீரில் கரைந்த உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் என்னும் உண்மை, விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் சூட்டுவதற்கு முன்பே நம் கிதாபுகளின் பக்கங்களில் எழுதப்பட்டுவிட்டது என்று கூறலாம்.

ஈண்டு ஒரு சொல்லை விளக்கவேண்டும். சிறு மூலக்கூறுகள் தஸ்பீஹ் மணிகளைப் போல நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோக்கப்பட்டு உண்டாகும் நெடுஞ்சங்கிலியைப் பல்லுறுப்பி என்பர். அச்சங்கிலி உயிரினத்தில் இயற்கையாக உண்டானால் அது உயிர்ப் பல்லுறுப்பி. பருத்தி இழை, தோலின் கொலாஜன், இறால் ஓட்டின் கைட்டின், கடற்பாசியின் ஆல்ஜினேட் யாவும் இவ்வினமே. ஆவாரம் பட்டையின் துவர்ப்பொருளும் இவ்வாறு கோத்த சங்கிலிதான். மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்பொருள் அவ்வளவு நீண்ட சங்கிலியன்று. ஆயினும் உலோகத்தைப் பற்றும் கை இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே.

குரோமியத்தின் வருகை

சைபீரியாவின் செந்நிறத் தாது ஒன்றிலிருந்து 1797இல் பிரெஞ்சு விஞ்ஞானி வொக்கெலின் ஒரு புதிய உலோகத்தைக் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகப் பல நிறம் காட்டியமையால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு குரோமியம் என்று பெயரிடப்பட்டது. குரோமிய உப்பால் தோலைப் பதனிடலாம் என்பதை ஜெர்மானியர் கிநாப் 1858இல் எடுத்துரைத்தார். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் இரு தொட்டி முறைக்கும், மார்ட்டின் டென்னிஸ் 1893இல் ஒரு தொட்டி முறைக்கும் காப்புரிமை பெற்றனர். பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், குரோமியத்தில் ஓரிரு நாளில் பதமாயிற்று. வெப்பத்தையும் தாங்கிற்று; மென்மையும் பெற்றது.

சென்னை மாகாணத்தில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர். 1903ஆம் ஆண்டளவில் தொடங்கிய அம்முயற்சியின் தொடக்க நோக்கங்களுள் ஒன்று, கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கும் தோற்சாலை நீண்ட நாள் உழைக்கும்படி செய்வது. உழவனின் கிணற்றில் நீர் மொள்ள வந்த குரோமியம், பிற்காலத்தில் அதே கிணற்று நீரைக் கெடுத்ததை வரலாற்றின் விந்தை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது!

ஆயினும் நம் ஊர்களில் நெடுங்காலம் பட்டைத் தோலே மேலோங்கி நின்றது. 1972இல் சீதாராமையா குழு தந்த பரிந்துரையை ஏற்று, மறு ஆண்டு இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு விதித்தது. முழுதும் பதமாக்கிய தோலையும் காலணியையும் விற்றால் நாட்டிற்கு வருவாய் பெருகும், வேலை பெருகும் என்பது அதன் எண்ணம். அது பலித்தது. ஆனால் அந்த மாற்றத்தோடு குரோமிய டிரம்களும் நம் ஷாப்புகளில் பெருகின. முன்பு வெளிநாட்டு ஆலைகள் ஏற்றிருந்த கழிவின் சுமை நம் பாலாற்றின் தலையில் இறங்கிற்று.

தோல் பற்றியதும் ஆறு பற்றியதும்

டிரம்மில் நடப்பது யாது? தோலின் கொலாஜன் ஓர் உயிர்ப் பல்லுறுப்பி என்று கண்டோம். அதன் சங்கிலியில் ஆங்காங்கே அமிலக் கைகள் உள்ளன. குரோமியம் அக்கைகளைப் பற்றி, பக்கத்துச் சங்கிலியோடு பாலம்போல் இணைக்கிறது. அதனால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. ஆகவே உயிர்ப் பல்லுறுப்பியால் உலோகத்தைப் பிடிக்கும் தொழிலைப் புதிதாக யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு டிரம்மும் அதையே நாள்தோறும் செய்கிறது. குறை எங்கே என்றால், பழைய முறையில் இட்ட குரோமியத்தில் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காட்டையே தோல் பற்றிக்கொள்கிறது. மீதம் பச்சை நிறக் கழிவாக வெளியேறுகிறது. தோல் பற்றாததை ஆறு பற்றிக்கொண்டது.

இதன் விளைவு 1991இல் உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் மிகுந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்தது என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பு அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், 170 வகை இரசாயனங்கள் கையாளப்படுகின்றன என்றும் கூறப்பட்டது. திண்டுக்கல் பகுதியின் 13 சிற்றூர்களில் ஆராய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் விதியும், தீங்கு முழுமையாக நிறுவப்படும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை கொள்ளவேண்டும் என்னும் விதியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு உறுதிசெய்தது. ஒவ்வொரு தோல் ஷாப்பிற்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பல ஷாப்புகள் மூடப்பட்டன. ஆயினும் கடந்த காலத்தின் கறை எளிதில் அகலவில்லை. இராணிப்பேட்டையில் குரோமியச் சேர்மங்களைச் செய்துவந்து மூடப்பட்ட ஆலையொன்றின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரில் கசிந்துகொண்டிருந்தது. 2006இல் அமெரிக்க நிறுவனமொன்று வெளியிட்ட, உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது. 2025 சனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீட்டையும் ஆற்றின் சீரமைப்பையும் வலியுறுத்த வேண்டியிருந்தது. கிணறு கெட்ட உழவருள் நம் அண்டை வீட்டாரும் உண்டு. டிரம்மில் கைவிட்டு உழைத்தவருள் நம் ஏழைகளும் உண்டு.

குரோமியம் இருவகைப்பட்டது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டும். பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம். அதன் நச்சு குறைவு. அறுவிணைதிற குரோமியமோ புற்றுநோய் விளைப்பது என்று 1990இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. மண்ணில் மாங்கனீஸ் ஆக்சைடு முதலியவை இருந்தால் முதல் வகையில் ஒரு பகுதி இரண்டாவதாக மாறக்கூடும். குடிநீரில் குரோமியம் மொத்தமாக லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இவ்வளவு நுண்ணிய அளவில் நீரின் நிறமோ சுவையோ வாடையோ மாறுவதில்லை. நம் பிக்ஹு நூல்கள் நீர் கெட்டதை அறியச் சொன்ன அடையாளங்கள் இம்மூன்றுமே. நஜீஸ் வேறு, நஞ்சு வேறு என்பதை இதனால் உணரலாம். உளூச் செய்யத் தகுதியானது என்று தோன்றும் நீர், பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கத் தகாததாக இருக்கக்கூடும்.

முதற்படி: வீழ்படிவாக்கல்

1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நம் தொழிலாளர்க்குக் காட்டிய வழிகளுள் ஒன்று குரோம் மீட்பு. குரோமியக் கழிவை மற்றக் கழிவுகளோடு கலக்கவிடாமல் தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தால் குரோமியம் பச்சைச் சேறாக அடியில் படியும். மேலே தெளிந்த நீரை நீக்கிவிட்டுச் சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடும் உப்புக் கரைசல் கிடைக்கும். விலை கொடுத்து வாங்கிய பொருளைச் சாக்கடையில் விட்டு, பின் அதற்காக அபராதமும் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

செறிந்த கழிவிற்கு இம்முறை சாலப் பொருந்தும். ஆனால் தோலைக் கழுவிய நீரிலும், சாயமிட்ட நீரிலும் குரோமியம் மெல்லிதாகப் பரவிக் கிடக்கும். அத்தகைய நீரில் இரசாயனத்தைக் கொட்டினால் செலவு கூடும், சேறும் மிகும், உலோகம் முழுதும் படியாது. இந்திய விதிப்படி வெளியேறும் நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமும், அறுவிணைதிறக் குரோமியம் 0.1 மில்லிகிராமும் தாண்டலாகாது. நீர்த்த கரைசலில் எஞ்சிய இச்சிறு பகுதியைப் பிடிப்பதில்தான் உயிர்ப் பல்லுறுப்பிகளின் திறமை வெளிப்படுகிறது.

இறால் ஓட்டின் வரலாறு

பிரான்சு நாட்டு நான்சி நகரில் ஹென்றி பிராக்கொன்னோ என்பவர் 1811இல் காளான்களை ஆராய்கையில் காரத்தில் கரையாத பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். 1823இல் ஓடியே என்பவர் வண்டின் இறகோட்டில் அதே பொருளைக் கண்டு ‘கைட்டின்’ என்று பெயரிட்டார். 1859இல் ரூஷே என்பவர் அதனைச் செறிந்த காரத்தில் கொதிக்கவைத்தபோது அமிலத்தில் கரையும் புதுப்பொருள் கிடைத்தது. ஜெர்மானியர் ஹோப்பே-ஸைலர் 1894இல் அதற்குக் ‘கைட்டோசான்’ என்று பெயர் தந்தார். காரத்தை மேல்நாட்டார் ‘ஆல்கலி’ என்பர். அச்சொல் நம் அரபியின் ‘அல்கலீ’ என்பதன் திரிபே. உவர்ச்செடியை எரித்த சாம்பலிலிருந்து அரபியர் எடுத்த பொருள் அது.

கைட்டோசான் செய்யும் முறை அரிதன்று. இறாலின் ஓட்டை முதலில் அமிலத்தில் இட்டுச் சுண்ணத்தை நீக்குவர். பின் நீர்த்த காரத்தால் புரதத்தை நீக்குவர். எஞ்சுவது கைட்டின். அதனைச் செறிந்த சோடாக் காரத்தில் சூடேற்றினால் ஒவ்வொரு மணியிலும் அசெட்டைல் என்னும் மூடி கழன்று, அமீன் என்னும் கை வெளிப்படும். அக்கைதான் உலோகத்தைப் பற்றுவது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இத்தயாரிப்பு முறையை நம் நாட்டில் செப்பனிட்டது. ஏற்றுமதிக்கு இறாலை உரித்தபின் குப்பையில் நாறிக்கிடந்த ஓடு இவ்வாறு சரக்காயிற்று.

கைட்டோசான் உலோகங்களைப் பற்றும் திறனை ஆழ்ந்து ஆராய்ந்தவருள் இத்தாலியர் முஸ்ஸரெல்லி குறிப்பிடத்தக்கவர். இயற்கைப் பல்லுறுப்பிகளின் உலோகப் பிடிப்பைப் பற்றிய அவரது நூல் 1973இலும், கைட்டினைப் பற்றிய நூல் 1977இலும் வெளிவந்தன. செம்பு, கைட்டோசானின் அமீனை நடுநிலைக்குச் சற்றுக் கீழான அமிலத்தன்மையில் நன்கு பற்றும். பின்னர் அமிலத்தால் கழுவினால் விட்டுவிடும். அறுவிணைதிறக் குரோமியத்தின் கதை வேறு. அது எதிர்மின் சுமையோடு நீரில் உலவுவது. நீரை அமிலமாக்கினால் அமீன் நேர்மின் சுமை ஏற்று அதனை இழுத்துக்கொள்ளும். காரத்தால் கழுவினால் வெளிவிடும். பிடிப்பதும் விடுவதும் நீரின் அமிலத்தன்மை என்னும் ஒரே திறவுகோலைக் கொண்டு நடைபெறுகின்றன. பிடித்ததை மீட்க முடிவதால்தான் இதனை வெறும் வடிகட்டல் என்னாமல் மீட்பு என்கிறோம்.

ஒரு தடை உண்டு. கைட்டோசான் புளிக்காடி போன்ற மெல்லிய அமிலத்திலும் கரைந்துவிடும். அதைத் தடுக்க குளுட்டரால்டிஹைடு என்னும் பொருளால் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பர். தோல் தொழிலார்க்கு இப்பெயர் புதிதன்று. தோலைப் பதனிடவும் அது பயன்படுகிறது. பிணைத்தபின் கரையாது. ஆனால் சில கைகள் அப்பிணைப்பிலேயே செலவாகிவிடுவதால் பற்றும் அளவு ஓரளவு குறையும்.

கடற்பாசியும் பட்டையும்

1881இல் ஸ்டான்ஃபோர்டு என்னும் பிரிட்டிஷ் இரசாயனர் ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜின் என்னும் வழுவழுப்பான பொருளைப் பிரித்தார். சோடியம் ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச்சொட்டாகக் கால்சியம் குளோரைடு நீரில் விட்டால் ஒவ்வொரு சொட்டும் உருண்டு முத்தைப்போல் கெட்டிப்படும். அதன் சங்கிலிகள் கால்சியத்தை இடையில் வைத்து, முட்டை வைக்கும் அட்டையில் முட்டை பொருந்துவதுபோல் பற்றிக்கொள்கின்றன என்று 1973இல் ஆய்வாளர் விளக்கினர். ஈயமோ செம்போ கலந்த நீரில் இம்மணிகளை இட்டால் அவை கால்சியத்தை வெளியேற்றிவிட்டுத் தாம் அவ்விடத்தில் அமர்கின்றன. மூவிணைதிறக் குரோமியத்தையும் ஆல்ஜினேட்டின் அமிலக் கைகள் பற்றும். கொலாஜனில் குரோமியம் பிடிக்கும் கைகளும் இவ்வினத்தவையே. ஆனால் இக்குரோமியம் பற்றிய கையை எளிதில் விடுவதில்லை. ஆகலின் மீட்பது செம்பைவிடக் கடினம்.

ஆல்ஜினேட்டின் மூலப்பொருளைத் தேடி நாம் தூரம் போகவேண்டியதில்லை. மண்டபம், கீழக்கரை முதலான இராமநாதபுரக் கடற்கரைகளில் கட்டக்கோரை என்னும் பழுப்புப் பாசியை 1960களிலிருந்தே இதற்காகச் சேகரித்து வருகின்றனர்.

துவர்ப்பொருளுக்கு மீண்டும் வருவோம். 1980களில் ஜப்பானிய ஆய்வாளர் சீமைப் பனிச்சையின் துவர்ப்பொருளைக் கரையாத வடிவாக்கி, நீரில் மிக நுண்ணிதாகக் கரைந்த யுரேனியத்தைக்கூடப் பிடித்துக் காட்டினர். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் வொலெஸ்கியும் அவர்தம் மாணாக்கரும் பூஞ்சைகளின் செல்சுவர் யுரேனியத்தையும் தோரியத்தையும் பற்றுவதை 1981இல் விளக்கினர். சீனாவின் சிச்சுவான் பல்கலைக்கழகத்தார் விலங்குத் தோலின் கொலாஜன் இழையிலேயே துவர்ப்பொருளை நிலைநிறுத்தி, அதைக் கொண்டு உலோகம் பிடித்தனர். பட்டையும் தோலும் சேர்ந்து உலோகத்தை வடிக்கின்றன! துவர்ப்பொருளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கொடிய அறுவிணைதிறக் குரோமியத்தை அது மூவிணைதிறமாக மாற்றி, அதன்பின் பற்றிக்கொள்கிறது. நச்சைத் தணித்துப் பின் சிறைபிடிப்பதைப் போன்றது இது.

எல்லை அறிதல்

இவ்வளவும் கேட்டபின், இறால் ஓட்டையும் பாசியையும் கொட்டினால் பாலாறு தெளிந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. ஆய்வுக்கூடத்தில் ஒரே உலோகம் கலந்த தூய நீரில் பெறும் விளைவு, ஷாப்பின் நீரில் கிட்டுவதில்லை. அந்நீரில் கொழுப்பு, புரதம், சல்பைடு, சாயம் யாவும் கலந்திருக்கும். அவையும் அக்கைகளுக்காகப் போட்டியிடும். தோலைப் பாதுகாக்க இட்ட உப்பு நீரில் மிகுந்திருக்கும். அவ்வுப்பை எந்த உயிர்ப் பல்லுறுப்பியும் நீக்குவதில்லை. அதற்கு சவ்வூடு பரவல் முதலான வேறு முறைகளே வேண்டும். நம் கிணறுகளைக் கெடுத்ததில் குரோமியத்திற்குள்ள பங்கு போன்றே உப்பிற்கும் பெரும்பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது. மேலும், உலோகத்தைப் பிடித்த மணிகளைக் கழுவி மீட்காமல் எங்கேனும் கொட்டிவிட்டால், நீரின் நோயை மண்ணிற்கு மாற்றியதாகவே முடியும். அமிலமும் காரமும் கொண்டு இறாலோட்டைப் பதப்படுத்தும் ஆலையின் கழிவையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

பட்டைத் தோலுக்கே மீண்டு போய்விடலாம் என்று கூறுவோரும் உளர். பட்டைக் கழிவில் குரோமியம் இல்லை என்பது மெய்யே. ஆனால் அக்கழிவும் நீரின் உயிர்வளியைப் பெரிதும் உண்ணும். அதிலும் உப்பு உண்டு. சந்தை கேட்கும் எல்லா வகைத் தோலையும் பட்டையால் ஆக்கவும் இயலாது.

ஆகவே ஒழுங்கான வரிசை ஒன்று வேண்டும். முதலில் டிரம்மிலேயே தோல் கூடுதலாகக் குரோமியத்தைப் பற்றும்படி செய்வது. அடுத்துச் செறிந்த கழிவைத் தனியே பிரித்து மக்னீசியத்தால் மீட்பது. அதன்பின் எஞ்சிய மெல்லிய கலவையை உயிர்ப் பல்லுறுப்பிகளிடம் ஒப்படைப்பது. கடைசிக் காவலனாக அவை சிறக்கும். முதற்படையாக நிறுத்தினால் தோற்கும்.

இனி நம் கடன்

நீர்த்துறைகளை அசுத்தப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்துள்ளார்கள். தீங்கு எதுவாயினும் அகற்றப்படவேண்டும் என்பது பிக்ஹின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று. முற்காலத்து முஸ்லிம் நகரங்களில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி அங்காடியின் அளவைகளைச் சோதித்ததோடு, ஒருவரது தொழில் அண்டையாரை வருத்தாமலும் பார்த்துக்கொண்டார். 1996இல் நம் நீதிமன்றம் கூறிய விதி நமக்கு அந்நியமானதன்று. அதை நாமே முன்னின்று நிறைவேற்றியிருக்க வேண்டும் என்னும் ஏக்கம்தான் எஞ்சுகிறது.

திபாகத் பாடத்தை இன்று ஓதிக்கொடுக்கும்போது, தோலின் தூய்மையோடு நிறுத்தாமல் நீரின் தூய்மையையும் சேர்த்து ஓதிக்கொடுத்தல் தகும். தோல் வணிகத்தின் பொருளால் எழுந்த நம் கல்லூரிகளில் இரசாயனம் பயிலும் ஆண்மக்களும் பெண்மக்களும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். கீழக்கரைப் பாசியையும், கடற்கரை இறாலோட்டையும், ஆவாரம் பட்டையையும் ஆய்வுக்கூடத்தில் எடுத்துவைத்துத் தம் ஊர்க் கழிவுநீரிலேயே சோதிப்பது அவர்களுக்கு இயலாத காரியமன்று. ஷாப்பு உரிமையாளர்கள் தம் கழிவுநீரை ஒளிக்காமல் அவர்கள் கையில் கொடுத்தால் போதும். தோல் கொடுத்த கல்விக்கு, அக்கல்வி நீரைத் திருப்பிக் கொடுப்பதே தக்க கைம்மாறு. அத்தௌஃபீக்கை எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கு நல்குவானாக!